மண்டியம்மாவின் மோதிர விரல்

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். என் மகளின் இடது கை நடுவிரல் கார் கதவில் சிக்கி, நடுக்கணு நொறுங்கிப்போயிருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் அட்டையில் செருகிய தாளை நீட்டியதும், "எங்கே போடணும்?" என்று மட்டும் கேட்டேன். காட்டிய இடத்தில் போட்டேன். எதைத் திறக்கப்போகிறார்கள், எந்த வழியாக, எதை வைத்துத் தைப்பார்கள், ஒன்றும் கேட்கவில்லை. விலங்கியல் பட்டம் வாங்கியவள் நான்.

இப்போது அந்த விரல் ஆணி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. மூட்டையே மாற்றிவிடலாம் என்கிறார்கள். போன வாரம் அதற்கு இன்னொரு தாள் வருவதாக இருந்தது. அதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது. இந்தப் பயத்துக்கு நடுவில்தான் மண்டியம்மா ஞாபகத்துக்கு வந்தார். சும்மா வரவில்லை. எதிரே வந்து நின்று, "இன்னா பி.எஸ்.சி, கேட்டியா நீ?" என்று அதட்டினார்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் திண்டிவனத்தில் இருந்தோம். எனக்குக் கல்யாணமான புதிது. என் கணவருக்கு மின்வாரிய அலுவலகத்தில் வேலை. மண்டியம்மாவின் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தோம். அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். செஞ்சிப் பக்கத்துக் கிராமத்துத் தமிழ்ச் சமணக் குடும்பம். கணவர் இறந்த பிறகு அவர் நடத்திவந்த மல்லாட்டை மண்டியைத் தானே ஏற்று நடத்தினார். மல்லாட்டை என்றால் அந்தப் பக்கத்தில் நிலக்கடலை. பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கு அவர் மண்டியம்மா. எனக்கு அக்கா. அவருக்கு நான் பி.எஸ்.சி. தெருவில் பட்டம் வாங்கிய பெண் நான் ஒருத்திதான் என்பதால், இங்கிலீஷில் எது வந்தாலும் பின்கட்டைப் பார்த்துக் குரல் வரும்: "இந்தா பி.எஸ்.சி, ஜல்தியா வா. இது இன்னா சொல்லுது பாரு."

அவரிடம் ஒரு கேள்வி உண்டு. எதற்கும் அதுதான் முதலில் வரும். எந்தப் பக்கமா?

புதுச்சேரி பஸ்ஸில் ஏறுமுன் கண்டக்டரைக் கேட்பார்: "கிளியனூர் பக்கமா, மயிலம் பக்கமா?" கண்டக்டர், "எப்படிப் போனாலும் பாண்டிதாம்மா, ஏறுங்க" என்றால் ஏறமாட்டார். "நான் ஒக்காந்துகினு வர்ற வண்டி எப்படிப் போவுதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?" பஸ் நிற்கும். பதில் வந்த பிறகுதான் கால் படியில் ஏறும். ஊசி போட வந்த நர்ஸிடம், "எந்தப் பக்கமா குத்தப் போறே? சொல்லிட்டுக் குத்து" என்பார். வீட்டுக்குப் புது ஒயர் இழுக்க என் கணவர் ஏணியோடு வந்தபோதும் இதே கதைதான்.

"எந்தப் பக்கமா இழுக்கப் போறீங்க தம்பி?"

"நான் ஈ.பி.காரன்க்கா. எங்கிட்டயே கேக்கறீங்களே!"

"செவுரு என்னுதாச்சே. செவுத்தக் கேட்டுட்டு இழுங்க."

இதை அகங்காரம் என்று சொன்னவர்கள் உண்டு. என் மாமியாரே சொன்னார். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் பட்டது. அவர் சாப்பாட்டிலும் அந்தக் கேள்வி இருந்தது. மண்ணுக்கு அடியில் விளையும் கிழங்கு கிடையாது. பொழுது இறங்கினால் ஒரு பருக்கை கிடையாது. பட்டுப்புடவை கிடையாது. புழுவை வெந்நீரில் போட்டு எடுக்கிற நூலை எப்படி உடம்பில் சுற்றுவது என்பார். எல்லாம் பருத்திதான். கஞ்சி போட்டு மொடமொடவென்று இருக்கும்.

மண்டியில் அவர் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் விரல் கதை புரியாது. அந்நாளில் தனியார் மண்டிகளில் விலையை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். விற்பவருக்காகப் பேசுபவரும் வாங்குபவரும் கைகளை ஒரு துண்டுக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள். அன்றைய விலைக்கு மேல் மூட்டைக்கு எத்தனை ரூபாயோ அத்தனை விரலை நீட்டி மற்றதை மடக்க வேண்டும். எதிராளி தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்வார். சுற்றி நிற்கும் இருபது பேருக்குத் துண்டு அசைவது மட்டுமே தெரியும். விவசாயிக்காக மண்டிக்காரர் கை கொடுப்பது வழக்கம். இந்த மண்டியில் அது ஒரு பெண்ணின் கை. விதவையின் கை. வளவனூர், வானூர் எண்ணெய் ஆலைக்காரர்களோடு துண்டுக்குள் கை கோத்துக்கொள்கிறாள் என்று ஊர் எவ்வளவு பேசியிருக்கும்! ஒரு பெரிய மனிதர் நேரிலேயே வந்து, "பொம்பள துண்டுக்குள்ள கைய வுடறது நல்லா இல்லம்மா" என்றாராம். "துண்ட எடுத்துடறேன். நீங்க வெளிச்சத்துல வெலய சொல்றீங்களா?" என்று கேட்டாராம் இவர். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வரவில்லை. துண்டு மண்டியம்மாவுடையது. தினமும் துவைத்த வெள்ளைத் துண்டு. அடுத்தவர் துண்டுக்குள் கை வைக்கமாட்டார்.

அந்தக் கைக்குத்தான் வந்தது கேடு. எடை போடும்போது தராசுச் சங்கிலி அறுந்து, எடைக்கல் வலது கை மோதிர விரலில் விழுந்தது. கட்டுப் போடும் வைத்தியர் வந்தார். உளுந்து மாவில் முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து பற்றுப் போடுவது அவர் வழக்கம். "முட்டை வேணாம்" என்றார் இவர். "அது இல்லன்னா கெட்டியா புடிக்காதும்மா." "புடிச்ச மட்டும் புடிக்கட்டும்." மூங்கில் பட்டை வைத்து, வெறும் உளுந்து மாவில் கட்டினார். கட்டு அவிழ்த்தபோது விரல் நேராக இருந்தது. நேராக மட்டுமே இருந்தது. நடுக்கணு மடங்கவில்லை.

வீட்டு வேலைக்கு அது பெரிய தொந்தரவு இல்லை. துண்டுக்குள்தான் வம்பு. அந்தப் பருவத்தின் முதல் நல்ல சரக்கு லாட்டுக்கு வளவனூர் ஆலைக்காரர் வந்திருந்தார். மண்டியம்மா இரண்டு விரல் நீட்டினார். மோதிர விரல் மடங்காமல் தானும் நின்றது. ஆலைக்காரர் மூன்று என்று எடுத்துக்கொண்டு, யோசித்து, சரி என்று கையை எடுத்துவிட்டார். உடனே இவர் சொன்னார்: "நான் சொன்னது ரெண்டு. மூணாவது வெரலு கேக்காம நீட்டிக்கினு நின்னுது. ரெண்டுக்கே எடுத்துக்கோங்க."

ஆலைக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது. "இன்னா மண்டியம்மா! இத்தினி வருசம் ஒங்க கைய நம்பினேன். இப்ப வெரலு பொய் சொல்லுதே!" என்று சிரித்தார். கூட்டமும் சிரித்தது. அன்று மாலை மண்டியம்மா சாப்பிடாமல் பொழுதை இறங்கவிட்டார் என்று எனக்குத் தெரியும். அடுப்படியில் புகையே வரவில்லை.

மறுநாள் மண்டியம்மாவின் கொழுந்தனார் வந்தார். அவர் கணவரின் தம்பி. தோளில் புதுத் துண்டு. "அண்ணி, இனிமே கைய நான் குடுக்கறேன். நீங்க உள்ள ஒக்காந்துகினு பாத்துக்கோங்க."

"உள்ள ஒக்காந்து எதப் பாக்கறது? துண்டத்தானே பாக்க முடியும்?"

"அதுக்கில்ல அண்ணி. சனங்க சிரிக்கறாங்க."

"அடுத்த மாசி மல்லாட்டை வர்ற வரைக்கும் டைம் குடு. அதுக்குள்ள வெரலு மடங்கலன்னா துண்டு ஒன்னுது."

எனக்குக் கொழுந்தனாரைப் பற்றித் தெரியும். துண்டு போனால் மண்டி போகும். மண்டி போனால் அந்த அம்மாள் அவர் வீட்டில் ஒரு மூலைக்குப் போவார்.

விழுப்புரத்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நர்ஸிங் ஹோம் இருந்தது. கை அறுவைக்கென்றே படித்த டாக்டர் ஒருவர் மெட்ராஸிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை அங்கே வருவார். நான்தான் கூட்டிப்போனேன். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மூட்டை மடக்கின நிலையில் நிரந்தரமாக ஒட்டவைத்துவிடலாம், வலியே இருக்காது என்றார்.

"எப்பவும் மடங்கியே இருக்குமா?"

"ஆமாம்மா. பிடிக்கறதுக்கு வசதி."

"அப்ப நான் மூணுன்னு எப்படிச் சொல்றது?"

டாக்டருக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். மண்டியம்மா பையிலிருந்து வெள்ளைத் துண்டை எடுத்து மேஜைமேல் விரித்தார். "கையக் குடுங்க டாக்டரு." அவர் கொடுத்துவிட்டார். அந்தக் குரலுக்கு யாரும் கொடுத்துவிடுவார்கள். துண்டு அசைந்தது.

"எத்தினி?"

"மூணு."

"நான் சொன்னது ரெண்டு. இப்ப இது ஒரு பொய் சொல்லுது. நீங்க மடக்கி ஒட்டிட்டா வேற பொய் சொல்லும். எனக்கு மடங்கவும் மடங்கணும், நீளவும் நீளணும்."

டாக்டர் துண்டுக்குள்ளேயே அந்த விரலை இன்னொருமுறை தடவிப் பார்த்தார். பிறகு செயற்கை மூட்டைப் பற்றிச் சொன்னார். சிலிகான் ரப்பரில் செய்த சின்னத் துண்டு. இரண்டு பக்கமும் வால் மாதிரி இருக்கும். கெட்டுப்போன கணுவை எடுத்துவிட்டு, வால்களை இரண்டு எலும்புக்குள்ளும் செருகுவார்கள். நடுவில் கீல் மாதிரி மடங்கும். வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்.

"அத எதுல செய்யறாங்க?"

"மூலப்பொருள் மணல்தாம்மா."

"மண்ணுன்னா சரி. எந்தப் பக்கமா உள்ள போவீங்க?"

டாக்டர் பேனாவை எடுத்தார். மண்டியம்மாவின் விரல் மீதே கோடு போட்டுக் காட்டினார். "மூணு வழி இருக்கு. இது முதுகு வழி. தோலுக்குக் கீழே விரலை நீட்டற நாண் இருக்கு. அதை நடுவுல பிளந்து ஒதுக்கினா மூட்டு கண்ணுக்கு நேரா தெரியும். அப்புறம் திரும்பத் தைச்சுடுவோம். ஒட்டறவரைக்கும் மூணு நாலு வாரம் அசைக்கக் கூடாது. இது பக்கவாட்டு வழி. ஒரு பக்கத்துக் கட்டுநாரை எடுத்துவிட்டு, புத்தகம் திறக்கற மாதிரி மூட்டைத் திறக்கறது. அந்த நார் சரியா ஒட்டலைன்னா விரல் சாஞ்சுடும்."

"மூணாவது?"

விரலைத் திருப்பினார். "உள்ளங்கை வழி. மடக்கற நாண் இங்கதான் போகுது. அதை அறுக்காம ஓரமா ஒதுக்கணும். ரெண்டு பக்கமும் நரம்பு, ரத்தக்குழாய். இடம் குறுகல். ஆனா நீட்டற நாணைத் தொடவே மாட்டோம். ரெண்டு மூணு நாள்ல அசைக்க ஆரம்பிக்கலாம்."

"நீங்க எந்த வழியா பண்ணுவீங்க?"

"முதுகு வழி. அதுதான் சுலபம்."

"யாருக்குச் சுலபம் டாக்டரு? ஒங்களுக்கா, எனக்கா?"

டாக்டர்களிடம் அப்படிப் பேசுகிற காலம் இல்லை அது. இவர் விடவில்லை. "ஏற்கெனவே ஒட்டிக்கினு போன வெரலு. இன்னும் ஒரு மாசம் அசைக்காம வெச்சா மறுபடியும் ஒட்டிக்காதா?"

"ஒட்டலாம்," என்றார் டாக்டர் மெதுவாக.

"உள்ளங்கை வழியா எத்தினி பேருக்குப் பண்ணியிருக்கீங்க?"

"ரெண்டு பேருக்கு."

"நான் மூணாவது ஆளு. எழுதிக்கோங்க."

இனி வருவது என் தப்பு. இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

மூட்டு வந்து சேர இரண்டரை மாதம் ஆயிற்று. வந்ததும் தேதி குறித்து, மருந்துக்கடையில் வாங்க வேண்டியவற்றின் பட்டியலைக் கொடுத்தார்கள். இங்கிலீஷில் இருந்தது. ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். தையல் நூல் இரண்டு வகை. உள்ளே போடுவது ஆட்டுக் குடலில் செய்தது. தானே கரைந்துவிடும். வெளியே போடுவது பட்டு. கல்லூரியிலேயே எனக்குத் தெரிந்த விஷயம்.

"இது இன்னாது?"

"தையல் போடற நூலுக்கா."

"எதுல செஞ்சது?"

"நூலுதாங்க்கா. சாதாரண நூலு."

அவர் தலையாட்டினார். என் படிப்பை நம்பினார். அந்த நேரத்தில் நான் புத்திசாலித்தனம் செய்வதாகத்தான் நினைத்தேன். மாசி மல்லாட்டை வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கொழுந்தனார் வாரம் ஒருமுறை வந்து விரலைப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு முழ நூலுக்காக எல்லாம் பாழாகிவிடக் கூடாது என்று பயந்தேன். அவர் நன்மைக்காக அவரிடமிருந்தே மறைத்தேன்.

அறுவை நாளன்று தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அரைமணி நேரம் ஆகியிருக்கும். கதவு திறந்தது. மண்டியம்மா நடந்து வந்தார். பச்சை அங்கி, கட்டிய தலைமுடி. வலது கை தோளிலிருந்து துவண்டு தொங்கியது. தோளுக்கருகே ஊசி போட்டுக் கை முழுவதையும் மரக்கவைத்திருந்தார்கள். அந்தக் கையை இடது கையால் குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு வந்தார். பின்னாலேயே நர்ஸும், முகமூடியை இறக்கிவிட்டபடி டாக்டரும்.

"என்னம்மா இது! ஊசி எல்லாம் போட்ட பிறகு எழுந்து வந்தா எப்படி?"

"கைதான் டாக்டரு மரத்துப் போச்சு. நான் மரத்துப் போவல."

கத்தி வைக்குமுன் வழக்கம்போல் எந்தப் பக்கமா என்று கேட்டிருக்கிறார். உள்ளங்கைப் பக்கம் என்றிருக்கிறார் டாக்டர். எந்த நூலு என்று கேட்டிருக்கிறார். டாக்டர் உள்ளதைச் சொல்லிவிட்டார். ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்று நினைத்துச் சொன்னாராம்.

மண்டியம்மா என் எதிரே வந்து நின்றார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். முகத்தில் கோபம் இல்லை.

"நூலுன்னியே பி.எஸ்.சி."

"பயமா இருந்துச்சுக்கா. வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு..."

"சொல்லியிருப்பேன். சொல்றதுக்குத்தானே நான் இருக்கேன்? ஒனக்குப் பயம்னா மூஞ்சிக்கு நேரா வந்து பயப்படு. முதுகுப் பக்கமா ஏன் வந்தே?"

அவர் டாக்டரிடம் திரும்பினார். "ஒங்க நேரத்த கெடுத்துட்டேன். மன்னிச்சுக்கோங்க. உயிரக் கொல்லாத நூலு இல்லியா ஒங்ககிட்ட?"

டாக்டருக்கு எரிச்சல்தான். ஆனாலும் யோசித்தார். "நைலான் இருக்கு. உள்ளேயும் அதையே போடலாம். ஆனா கரையாது. முடிச்செல்லாம் கடைசிவரைக்கும் உங்க கைக்குள்ளயே இருக்கும்."

"இருந்துட்டுப் போவட்டும். ஒரு ஜீவனக் கொன்ன நூலு கரைஞ்சு என் ஒடம்பாவே ஆவறதுக்கு, கரையாத நூலு ஒரு ஓரமா இருக்கட்டும்."

விரலுக்குத் தகுந்த மெல்லிய நைலான் அன்று கையில் இல்லை. இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம். நான் பக்கத்தில். விக்கிரவாண்டி தாண்டி ஒரு குலுக்கலில் அவருடைய வலது கை நழுவி என் மடியில் விழுந்தது. மரத்த கை. அவருக்குத் தெரியவில்லை. வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதை எடுத்து வைக்கவும் இல்லை, விடவும் இல்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் எழும்போதுதான் குனிந்து பார்த்தார்.

"கை ஒங்கிட்ட வந்துடுச்சா? நான் இன்னும் வரல," என்றார்.

இரண்டு வாரம் கழித்து அறுவை நடந்தது. உள்ளங்கை வழியாக, நைலானில். நானும்தான் போனேன். கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இந்த முறை பட்டியலை வரிவரியாகப் படித்து, எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே சொன்னேன்.

நர்ஸிங் ஹோமில் ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்கு. அவருக்கு அது ஆகாது. அதனால் பகலில் நானே திண்டிவனத்தில் சமைத்து, பஸ் பிடித்து, பொழுது இறங்குமுன் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாம் நாள் விக்கிரவாண்டியில் பஸ் பழுதாகி நின்றது. வேறு பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடி, மூச்சிரைக்க அறைக்குள் போனேன். வானம் மூடியிருந்தது. அறை ஜன்னல் சுவரைப் பார்த்த ஜன்னல். படுத்திருப்பவருக்குப் பொழுது தெரிய வழியில்லை. அன்றுதான் விரலை அசைக்கத் தொடங்கியிருந்தார்கள். வலியில் முகம் சுருங்கிக் கிடந்தது. காலையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்றாள் நர்ஸ். அவருக்குத் தெரியாமல் என்னிடம் கையால் ஜாடை காட்டினாள்: பொழுது இன்னும் இறங்கலைன்னு சொல்லிடு.

"பொழுது இருக்குதா?" என்று கேட்டார் மண்டியம்மா.

தூக்குச் சட்டி என் கையில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. கேப்பைக் களியும் கீரையும்.

"இல்லக்கா. இறங்கிடுச்சு. நான் ஓடி வரும்போதே இறங்கிடுச்சு."

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். மண்டியம்மா கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார். "ஒக்காரு. இப்பதான் நேரா வந்திருக்கே." அன்று ராத்திரி அவர் பட்டினி. தூக்கில் இருந்ததை, "வீணாக்காதே, நீ சாப்பிடு" என்று என்னைத் தின்னவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு எங்கள் சமையலறையே மண்டி ஆனது. விரலுக்குப் பயிற்சி. நாளுக்குப் பத்துத் தடவை துண்டை விரித்து என் கையை இழுத்து வைப்பார்.

"எத்தினி?"

"மூணுக்கா."

"நல்லா தடவிப் பாரு."

"மூணுதாங்க்கா."

இரண்டு என்று சொல்லிவிட ஆசையாக இருக்கும். சொல்லமாட்டேன். விரல் வலியில் துண்டுக்குள் நடுங்குவது என் உள்ளங்கைக்குத் தெரியும். முகம் மட்டும் அசையாது. ஒருநாள் குழம்பி, "ரெண்டரைக்கா" என்றேன். "அப்படி ஒரு வெல கெடையாது, வைய்யி கைய!" என்று சிரித்தார். பிறகு ஒரு காலை, அரிசி களைந்துகொண்டிருந்த என் ஈரக் கையைத் துண்டுக்குள் இழுத்தார். இரண்டு விரல் நீண்டிருந்தன. மூன்றாவது, முழுக்க இல்லை, பாதிக்குக் கொஞ்சம் மேலே மடங்கி ஒதுங்கியிருந்தது. தேடினால்தான் கிடைத்தது.

"ரெண்டு," என்றேன்.

அவர் துண்டை உதறி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மாசியில் மண்டி நிறைந்திருந்த ஒரு நாள், பக்கவாசல் வழியாகப் போய் நின்றேன். கொழுந்தனார் தோளில் புதுத் துண்டோடு முன்னால் நின்றார். வளவனூர் ஆலைக்காரர் மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டபடி கேட்டார்: "இன்னா மண்டியம்மா, இன்னிக்கு வெரலு உண்மை பேசுமா?"

"நீங்க கேளுங்க. அது சொல்லும்."

வெள்ளைத் துண்டு விரிந்தது. கைகள் உள்ளே போயின. இருபது பேரும் துண்டைப் பார்த்தார்கள். நான் மண்டியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஆலைக்காரர் தடவினார். ஒருமுறை, இரண்டாவது முறை. சிரிப்பு மெல்ல நின்றது. அந்த விரல் இருக்கும் இடத்தைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

"சரிம்மா," என்று கையை எடுத்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "தெளிவாத்தான் பேசுது," என்றார்.

மண்டியம்மா கையைத் தூக்கிக் காட்டவில்லை. உள்ளங்கைப் பக்கத்தில் கோணலாக ஓடிய தழும்பை யாருக்கும் காட்டியதில்லை. அடுத்த லாட்டுக்கு ஆளைக் கூப்பிட்டார். கொழுந்தனார் தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

இரண்டு வருடத்தில் என் கணவருக்கு மாற்றல் வந்தது. போகும்போது நான் அழுதேன். அவர், "எந்தப் பக்கமா போறீங்க? வேலூர் வழியாவா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

போன வாரம் மகளோடு டாக்டர் எதிரே உட்கார்ந்திருந்தேன். இளைஞர். நல்லவராகத்தான் தெரிந்தார். திரையில் படத்தைக் காட்டி, மூட்டு மாற்றுவதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். அட்டையில் செருகிய தாள் வந்தது. பேனாவும் வந்தது.

"இங்க ஒரு கையெழுத்து மேடம்."

பேனாவை எடுத்து, மூடி, மேஜைமேல் வைத்தேன். பயமாகத்தான் இருந்தது. மறைக்கவில்லை.

"எந்தப் பக்கமா போவீங்க டாக்டர்?"

"சாரி?"

"விரலோட முதுகுப் பக்கமா, உள்ளங்கைப் பக்கமா, பக்கவாட்டிலயா? நீட்டற நாணைப் பிளப்பீங்களா? அப்படின்னா எத்தனை நாள் அசைக்காம வைக்கணும்? நீங்க சொல்ற வழி உங்களுக்குச் சுலபமா, என் பொண்ணுக்குச் சுலபமா? இதெல்லாம் சொல்லுங்க. அவளைப் பார்த்துச் சொல்லுங்க. விரல் அவளோடது."

என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். டாக்டர் திரையை விட்டு நிமிர்ந்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம் டாக்டரா?" என்று கேட்டார்.

"இல்லைங்க," என்றேன். "பி.எஸ்.சி."